செவிலியும் தலைமையும்: ரெட்டா டூமாஸை முன்வைத்து



நர்ஸ் என்ற சொல்லுக்கு நம் எழுத்து வழக்கில் நிலைத்துவிட்ட தமிழ் 'செவிலியர்'. இலங்கைத் தமிழில் 'தாதியர்'. வார்டில் நோயாளி கூப்பிடுவது 'சிஸ்டர்'. மூன்றிலும் வீட்டு வாசனை அடிக்கிறது. ஒன்றில்கூடப் படிப்பின் சாயல் இல்லை. அகத்திணை மரபில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழி அந்தச் செவிலியின் மகள் என்பது தொல்காப்பியர் சொல்லும் முறை. தலைவியின் களவு வீட்டாருக்குத் தெரியவரும் துறைக்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரிவிப்பாள். பெண்ணின் மேனி வாடுவதையும் வளை கழல்வதையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் செவிலி; முடிவு எடுக்கிறவர்கள் அவளுக்கு இரண்டு படி மேலே இருக்கிறார்கள். இந்த வரிசையை ஓர் ஆஸ்பத்திரி வார்டில் பொருத்திப் பாருங்கள். பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

இந்தச் சொல்லாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு செவிலியர் பேராசிரியராகி, டீனாகி, பல்கலைக்கழகத்தின் நிர்வாக மாடிக்குப் போகும்போது நாம் அவரைப் பாராட்டும் விதம் இந்தச் சொல்லுக்குள்ளிருந்தே வருகிறது. நோயாளிகளைத் தாய்போலப் பார்த்துக்கொண்டவர், பல்கலைக்கழகத்தையும் அப்படியே பார்த்துக்கொள்வார் என்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாராட்டு தவறானது. அதைப் பெறுகிறவருக்குக் கெடுதலும் செய்வது. இதுதான் இன்று நான் வைக்க வந்த வாதம். செவிலியர் கல்வியிலிருந்து தலைமைக்கு வருகிறவர் கையில் கொண்டுவரும் மூலதனம் தாய்மை அல்ல. பழக்கத்தால் நடக்கும் காரியத்தைச் சந்தேகித்து, அதைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. ஒரு நிறுவனம் ஆட்களின் தலையில் என்னென்ன வேடங்களை ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி. இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் ரெட்டா கிரேவ்ஸ் டூமாஸ் என்பவரைப் பார்க்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டீன் பதவி வகித்த முதல் கறுப்பினப் பெண் அவர். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் துறைகளுக்கான துணைப் புரோவோஸ்ட் ஆனார். புரோவோஸ்ட் என்பவர் அங்கே கல்விப் பணிகள் முழுவதற்கும் பொறுப்பான அதிகாரி. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதற்குச் சரிநிகரான பதவி கிடையாது.

டூமாஸ் பிறந்தது 1928இல், மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் நகரில். பருத்தியாலும் அடிமை வியாபாரத்தாலும் செல்வம் சேர்த்த ஆற்றங்கரை ஊர் அது. அவர் வளர்ந்த காலத்தில் பள்ளி, பேருந்து, ஆஸ்பத்திரிப் படுக்கை எல்லாம் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நியூ ஆர்லியன்சில் கறுப்பினத்தவருக்காக நடந்த டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டப்படிப்பு 1942இல் தொடங்கியது. டூமாஸ் அங்கே 1951இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினச் செவிலியர்களை மாநிலச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாததால், தேசியச் சங்கத்தின் கதவும் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அதனால் 1908இல் மார்த்தா ஃபிராங்க்ளின் முன்கை எடுத்துக் கறுப்பினப் பட்டயச் செவிலியர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்தச் சங்கம், பொதுச் சங்கம் கதவைத் திறந்தபின், 1951இல்தான் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. டூமாஸ் தொழிலுக்குள் காலெடுத்து வைத்த ஆண்டில் காகிதத்தில் தடை நீங்கியிருந்தது. காகிதத்துக்கு வெளியே இருந்த தடையைப் பற்றித்தான் பிற்காலத்தில் அவர் தன் மிக முக்கியமான கட்டுரையை எழுதினார்.

பத்தாண்டுகள் கழித்து, 1961இல், யேல் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். யேல் ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரால் பள்ளி தொடங்கியதிலிருந்து, செவிலியர் பயிற்சி என்பது ஆஸ்பத்திரியின் வேலையோடு வேலையாக நடந்த ஒன்று. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கு நல்ல லாபம் தந்தது. மாணவி படிக்க வந்தவளா, சம்பளமில்லா வேலைக்காரியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இதை வெளிச்சமிட்டுக் காட்டியது. அதே ஆண்டு ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் யேல் தன் செவிலியர் பள்ளியைத் தொடங்கியது; டீனாக வந்த ஆனி குட்ரிச் யேலின் முதல் பெண் டீன். ஆஸ்பத்திரியின் ஆள்தேவைக்கு அடிபணியாமல் படிப்பை வகுக்க முடியும் என்பதுதான் அந்தப் பள்ளியின் அடிப்படை. 1948இல் எஸ்தர் லூசில் பிரவுன் எழுதிய அறிக்கையும் செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் வர வேண்டும் என்றே சொன்னது. கூடவே இன்னொரு வாய்க்காலும் வந்து சேர்ந்தது. 1946இன் தேசிய மனநலச் சட்டத்தின்கீழ் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்ட நிதி, மனநல மருத்துவம், உளவியல், சமூகப்பணி ஆகியவற்றோடு மனநலச் செவிலியத்துக்கும் போயிற்று. உலகப்போர் முடிந்த கையோடு வாஷிங்டன் எடுத்த அந்த முடிவு இல்லையென்றால், செவிலியத்தின் மற்றப் பிரிவுகளுக்கு முன்பாக மனநலப் பிரிவில் ஆராய்ச்சியாளர்கள் இத்தனை பேர் உருவாகியிருக்க மாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் யேலில் ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்ற மனநலச் செவிலியர் ஒரு கருத்தை வகுத்துக்கொண்டிருந்தார். 1961இல் அது புத்தகமாக வந்தது. நோயாளி காட்டும் நடத்தையைப் பார்த்தவுடன் தனக்குத் தோன்றுவதை உண்மை என்று செவிலியர் எடுத்துக்கொள்ளக் கூடாது. தனக்குத் தோன்றியதை நோயாளியிடமே கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் செயல்பட வேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. நோயாளி அழுதால் வலி என்று நினைத்து ஊசி போடுவது பழக்கம். அழுகைக்குக் காரணம் வீட்டில் விட்டுவந்த பிள்ளையாகவும் இருக்கலாம். பழக்கத்தால் செய்வதற்கும் விசாரித்துச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. டூமாஸ் இந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே போனார். விசாரித்துச் செய்தால் நல்லது என்று சொல்லிவிட்டால் போதுமா, உடலில் அதன் விளைவைக் காட்ட முடியுமா என்பது அவருடைய கேள்வி. யேல் செவிலியர் பள்ளியில் இருந்த சமூகவியலாளர் ராபர்ட் லெனர்டோடு சேர்ந்து அவர் தேர்ந்தெடுத்த விளைவு, யாரும் எண்ணத் தகுந்ததாக நினைக்காத ஒன்று: அறுவைச் சிகிச்சைக்குப்பின் வரும் வாந்தி.

அந்தத் தேர்வில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். நோயாளி நிம்மதியாக இருந்தாரா என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். வாந்தி எடுத்தாரா இல்லையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. வாந்திக்குக் காரணம் மயக்க மருந்து என்பது பொது நம்பிக்கை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் நோயாளிக்கு இருக்கும் மனக்கலக்கமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது இவர்கள் கொண்ட கருதுகோள். பெண்நோய் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பு. மற்றப் பிரிவில் இருந்தவரோடு சிகிச்சைக்கு முன்னான நேரத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்து, அவருக்கு என்ன கலக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அது தணிந்ததா என்றும் சரிபார்த்தார். மயக்கம் தெளியும் அறையில் யார் வாந்தி எடுக்கிறார்கள் என்று கணக்கு எடுக்கப்பட்டது. இரண்டாம் பிரிவில் வாந்தி எடுத்தவர்கள் குறைவு. 1963இல் 'நர்சிங் ரிசர்ச்' இதழில் நான்கே பக்கங்களில் இது வெளிவந்தது. செவிலியத்தின் விளைவைச் சோதனை முறையில் அளந்த முதல் செவிலியர் டூமாஸ் என்று பிற்காலத்தில் எழுதினார்கள்.

முதல் என்ற சொல்லை ஒருவர் மறுக்கலாம். நைட்டிங்கேல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியின் சாவுகளை எண்ணி, வண்ண வரைபடம் போட்டு அரசாங்கத்தின் கண்முன் நீட்டியவர்தானே? உண்மை. ஆனால் நைட்டிங்கேல் எண்ணியது நடந்து முடிந்ததை. எண்ணிக்கையிலிருந்து காரணத்தை ஊகித்தார். டூமாஸும் லெனர்டும் செவிலியர் செய்யும் செயலையே மருந்துபோல ஒரு பிரிவுக்குக் கொடுத்து, மறு பிரிவுக்குக் கொடுக்காமல் விட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் பெரியது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. சோதனையில் இருந்தவர்கள் சில பத்துப் பேர். இன்றைய அளவுகோலில் இது ஒரு முன்னோட்ட ஆய்வு, அவ்வளவே. இதை நான் மறுக்கவில்லை. இன்று ஒரு மருந்து நிறுவனம் இந்த எண்ணிக்கையோடு அனுமதி கேட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆனால் என் வாதம் அந்த முடிவின் துல்லியத்தில் நிற்கவில்லை, கேள்வியின் வகையில் நிற்கிறது. அதுவரை செவிலியரின் கனிவு ஒரு குணம். குணத்தைப் புகழலாம், சோதிக்க முடியாது. டூமாஸ் அதைச் செயலாக மாற்றினார். செயல் என்றால் அது வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், சிறப்பாகச் செய்யக் கற்றுக்கொடுக்கவும் முடியும். அன்போடு இருந்தேன் என்று ஒருவர் சொல்லித் தப்பிக்க அதன்பிறகு வழியில்லை.

நிர்வாகப் பாதை இங்கிருந்து வேகமாக ஏறுகிறது. நானும் வேகமாகவே கடக்கிறேன். 1966இல் நியூ ஹேவனில் யேலும் மாநில அரசும் சேர்ந்து கனெக்டிகட் மனநல மையத்தைத் திறந்தன. அதன் செவிலியர் பிரிவுக்கு டூமாஸ் இயக்குநர். யேலில் மனநலச் செவிலியத் துறைக்கும் தலைவராக இருந்தார். 1972இல் தேசிய மனநல நிறுவனத்துக்குப் போனார். பயிற்சி நிதியை நாடெங்கும் பங்கிடும் பிரிவில் தொடங்கி, 1979இல் நிறுவனத்தின் துணை இயக்குநர் ஆனார். அந்த நாற்காலியில் அதற்குமுன் செவிலியரும் உட்கார்ந்ததில்லை, பெண்ணும் உட்கார்ந்ததில்லை, கறுப்பினத்தவரும் உட்கார்ந்ததில்லை. இடையில், 1975இல், சமூக உளவியலில் முனைவர் பட்டம். குழுக்களில் அதிகாரம் எப்படிப் பாய்கிறது, தலைவர்மேல் குழு எதையெல்லாம் ஏற்றுகிறது என்று ஆராயும் டாவிஸ்டாக் மரபுக் கருத்தரங்குகளிலும் அவர் ஆழமாக ஈடுபட்டிருந்தார். வேலைப் பட்டியலில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் பார்வையில் அவருடைய இரண்டாவது பெரிய பங்களிப்பு முளைத்த நிலம் இதுதான்.

எழுபதுகளின் கடைசியில் அவர் எழுதிய கட்டுரையின் பொருள், தலைமைப் பதவியில் இருக்கும் கறுப்பினப் பெண்களுக்கு நேரும் இக்கட்டு. தென் மாநிலங்களில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலூட்டி வளர்த்த அடிமைப் பெண்ணுக்கு 'மேமி' என்று பெயர். தன் பிள்ளையைவிட எஜமானரின் பிள்ளையை நேசித்தவள், கோபமே வராதவள், எல்லாருடைய துயரத்தையும் தாங்கும் பெரிய மடி என்பதெல்லாம் அவளைப் பற்றிய கட்டுக்கதை. நூறு ஆண்டுகள் கழிந்தும் அலுவலகங்கள் அந்த மேமியைத் தேடிக்கொண்டிருக்கின்றன என்று டூமாஸ் காட்டினார். ஒரு கறுப்பினப் பெண் உயர்பதவிக்கு வந்ததும் அவர் அறைக்கதவு ஓயாமல் தட்டப்படும். சண்டையிட்ட இரு தரப்பும் சமாதானம் செய்யச் சொல்லி வருவார்கள். வெள்ளையர் கறுப்பரைப் பற்றி விளக்கம் கேட்பார்கள், கறுப்பர் வெள்ளையரிடம் தூது போகச் சொல்வார்கள். மனம் உடைந்தவர்கள் தோளில் சாய வருவார்கள். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. எல்லாரும் நம்மை நாடி வருகிறார்கள் என்பதே செல்வாக்குப்போலத் தெரியும். ஆனால் அது பதவியின் அதிகாரம் ஆகாது. அந்த வேடத்தை ஏற்றுக்கொண்டால் பதவிக்குரிய வேலைக்கு நேரமும் பலமும் இராது. மறுத்துவிட்டால், இரக்கமற்றவள், கர்வம் பிடித்தவள் என்ற பெயர் வரும். ஏமாற்றமடைந்த ஆதரவாளர்களின் கோபம் எதிரிகளின் கோபத்தைவிடக் கடுமையாக இருக்கும்.

இங்கே நம் செவிலித்தாயை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. மேமியும் செவிலியும் ஒன்றல்ல. அடிமைமுறையின் சாட்டை அகப்பாடலின் வீட்டில் இல்லை. அந்த ஒப்புமையை இழுத்து நீட்டுவது வரலாற்றுக்கு அநியாயம். ஆனால் பிறர் பிள்ளையை வளர்ப்பவள், அந்த வளர்ப்பால் மட்டுமே அறியப்படுபவள் என்ற வார்ப்பு இரண்டுக்கும் பொது. டூமாஸின் நிலையில் இரண்டு வேடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கறுப்பினப் பெண் என்பதால் ஒரு மடி எதிர்பார்க்கப்பட்டது, செவிலியர் என்பதால் இன்னொரு மடி. அவர் எழுதியது இனத்தையும் பாலினத்தையும் பற்றித்தான். ஆனால் எந்த நாட்டிலும் எந்த நிறத்திலும் நிர்வாக நாற்காலிக்கு வரும் செவிலியர் அந்தக் கட்டுரையில் தன் மேசையை அடையாளம் காண முடியும். தாய்போல நடத்துவார் என்று நாம் பாராட்டும்போது, ஒருவருக்கு அதிகாரத்தைக் கொடுத்துக்கொண்டே அதைப் பயன்படுத்தாதே என்று காதில் சொல்கிறோம். பட்ஜெட்டில் வெட்டுகிற தாய் உண்டா? பதவி உயர்வை மறுக்கிற தாய் உண்டா? டீனின் வேலையில் பாதி அதுதான்.

1981இல் டூமாஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளிக்கு டீனாக வந்தார். 1891இல் ஆஸ்பத்திரிப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. பதின்மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் செவிலியர் பள்ளி மற்றத் துறைகளோடு சமமாக உட்கார வேண்டுமென்றால் ஆராய்ச்சி நிதி வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் செவிலியத்துக்கென்று ஒரு வீடே இருக்கவில்லை. அந்த வீட்டுக்கான சட்டத்தை 1985இல் குடியரசுத் தலைவர் ரீகன் நிராகரித்தார். நாடாளுமன்றம் அவர் நிராகரிப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1986இல் தேசியச் செவிலியர் ஆராய்ச்சி மையம் பிறந்தது, 1993இல் முழு நிறுவனமாக உயர்ந்தது. 1987 முதல் 1989 வரை அமெரிக்கச் செவிலியர் அகாதமியின் தலைவராக இருந்த டூமாஸ் அந்தத் தலைமுறையின் முன்வரிசையில் நின்றவர். 1994இல் அவர் டீன் பதவியிலிருந்து துணைப் புரோவோஸ்ட் பதவிக்குப் போனபோது, செவிலியர் பள்ளிக்கு அடுத்த டீனாக வந்தவர் ஏடா சூ ஹின்ஷா: அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநர். நாட்டின் செவிலியர் ஆராய்ச்சி நிறுவனத்தையே நடத்தியவர் வந்து அமரும் அளவுக்கு அந்த நாற்காலி கனமாகியிருந்தது.

துணைப் புரோவோஸ்ட் என்பது பல்கலைக்கழகத் தலைமையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தலைவர் பதவி அவருக்கு வரவில்லை. அதைவிடக் கூர்மையான ஒரு தகவலும் உண்டு: டூமாஸ் துணைப் புரோவோஸ்ட் பதவியை விட்ட 1997இல், மருத்துவ விவகாரங்களுக்கான நிர்வாகத் துணைத் தலைவராக, ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, கில்பர்ட் ஓமென் வந்தார். அவர் மருத்துவர். துறைகளை ஒருங்கிணைக்கும் மேசை செவிலியருக்கு, ஆஸ்பத்திரியின் சாவி மருத்துவருக்கு என்று ஒரு குறும்புக்காரர் இதைப் படிக்கலாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இரண்டு நியமனங்களை வைத்து ஒரு சதியைக் கட்டிவிட முடியாது. ஆனால் அறத்தொடு நிற்றலின் அந்தப் படிவரிசை இருபதாம் நூற்றாண்டின் கடைசியிலும் முழுதாகக் கலைந்துவிடவில்லை என்று சொல்ல இது போதும். அவருடைய தகுதியை அளப்பதற்குப் பதவியின் உயரத்தை மட்டும் பார்ப்பது சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மறுப்பு இந்த அவையிலேயே பலர் மனதில் இருக்கும். செவிலியர் இருக்க வேண்டிய இடம் படுக்கை அருகே. பட்டம், முனைவர் பட்டம், நிர்வாகம் என்று மேலே ஏறுவது நோயாளியைக் கைவிட்டுப் போவது. ஆள் பற்றாக்குறை எங்கும் இருக்கிற இந்தக் காலத்தில் இந்தக் குரலுக்கு வலு கூடுகிறது. இதற்கு எண்களில் பதில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை லிண்டா எய்க்கன் குழு ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் அந்தக் குறைவு 7 சதவீதம். ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இவை பார்த்துப் பதிந்த ஆய்வுகள், டூமாஸ் செய்ததுபோல ஒரு பிரிவுக்குக் கொடுத்து மறு பிரிவுக்கு விட்ட சோதனைகள் அல்ல. நல்ல ஆஸ்பத்திரிகள் பட்டதாரிகளை அதிகம் சேர்ப்பதால் இப்படித் தெரியலாம் என்ற ஐயத்தை முழுவதும் விலக்க முடியாது. ஆயினும் படிப்பு படுக்கையிலிருந்து தூரமாக்கும் என்ற வாதத்துக்கு இந்த எண்களில் இடமே இல்லை. அந்தப் படிப்பை வகுப்பதற்கும், அதற்குப் பணம் வாங்குவதற்கும், ஆசிரியர் பதவிகளை உருவாக்குவதற்கும் நிர்வாக மாடியில் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவர் செவிலியம் தெரிந்தவராக இருப்பது கைவிடுவது ஆகுமா?

டூமாஸ் ஒரு விதிவிலக்கு, ஓர் ஆளை வைத்து விதி சொல்லக் கூடாது என்பாரும் உண்டு. விதிவிலக்குகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறது என்பதே இதற்கு முதல் பதில். இதயநோய்ச் செவிலியத்தில் ஆராய்ச்சி செய்த ஆஸ்திரேலியர் பட்ரிசியா டேவிட்சன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் பள்ளிக்கு டீனாக இருந்துவிட்டு 2021இல் உல்லங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். இங்கிலாந்தில் செவிலியர் பேராசிரியர் கேரன் காக்ஸ் 2017இல் கென்ட் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். இரண்டாவது பதில் எனக்கே கொஞ்சம் சங்கடமானது. ஆனாலும் சொல்ல வேண்டும். கென்டில் பணநெருக்கடி முற்றி, மெய்யியல், மானுடவியல் உள்ளிட்ட பாடங்களைப் படிப்படியாக மூடும் திட்டம் 2024இல் வந்தது காக்ஸின் காலத்தில்தான். அந்த முடிவு சரியா என்பது வேறு வழக்கு. இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பலவும் அதே பணநெருக்கடியில் மாட்டியிருந்தன. நான் சுட்டிக்காட்டுவது ஒன்றைத்தான். செவிலியர் தலைமைக்கு வந்தால் பல்கலைக்கழகம் கனிவான வீடாகிவிடும் என்று யாராவது எண்ணியிருந்தால் கென்ட் அவர்களை ஏமாற்றியிருக்கும். அவரைத் தாயாக அல்லாமல் துணைவேந்தராக எடைபோட்டவர்களுக்கு, அவருடன் உடன்படவும் சண்டையிடவும் தெளிவான இடம் இருந்தது. தலைமைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை அந்தச் சண்டையிலும் இருக்கிறது.

டூமாஸின் வாழ்க்கையில் நான் முக்கியமாகக் கருதும் இன்னோர் இடம் 1996. அமெரிக்க அரசின் தேசிய உயிர்நெறி ஆலோசனைக் குழுவில் அவர் உறுப்பினரானார். குழுவின் தலைவர் ஹாரல்ட் ஷபிரோ. எண்பதுகளில் டூமாஸ் டீனாக இருந்தபோது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அதே ஷபிரோ. 1997இல் படியெடுத்து உருவாக்கப்பட்ட டாலி என்ற ஆட்டின் செய்தி வெளியாகி உலகம் கலங்கியபோது, மனிதரைப் படியெடுக்கலாமா என்று அறிக்கை எழுதும் பொறுப்பு அந்தக் குழுவுக்கு வந்தது. சட்ட அறிஞர்களும் மருத்துவர்களும் மெய்யியலாளர்களும் இருந்த மேசை அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தியேட்டர் வாசலில் ஒரு நோயாளியிடம் "உங்களுக்கு என்ன கலக்கம்?" என்று கேட்பதையே ஆராய்ச்சியாக்கியவருக்கு, ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதர் எதற்குச் சம்மதிக்கிறார், அதைப் புரிந்துதான் சம்மதிக்கிறாரா என்ற கேள்வி புதிதாக இருந்திருக்காது. 1997 முதல் 1999 வரை தேசியச் செவிலியர் கல்விச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 2007இல் காலமானார்.

நம் பக்கம் திரும்பி ஒரு சொல். இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. டூமாஸ் டில்லார்டில் பட்டம் வாங்குவதற்கு ஐந்து ஆண்டு முன்பு. அதாவது பந்தயம் தொடங்கியபோது வேலூர் பின்தங்கியிருக்கவில்லை. இன்று தமிழ்நாட்டின் செவிலியர் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. அதன் துணைவேந்தர் நாற்காலி மருத்துவர்களின் நாற்காலியாகவே இருந்துவருகிறது. திறமையுள்ள செவிலியர் இல்லை என்பதால் இப்படியா, தேடும் கண்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையா என்பதைத் தேர்வுக் குழுக்கள்தாம் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். டூமாஸும் லெனர்டும் எழுதிய கட்டுரை 'நர்சிங் ரிசர்ச்' இதழின் 1963ஆம் ஆண்டு, 12ஆம் தொகுதி, முதல் இதழில் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கிப் பதினைந்தில் முடிகிறது. உங்கள் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பஸ் பயணத்தில் படித்து முடித்துவிடலாம். படித்தபின், உங்கள் வார்டில் காலங்காலமாக இப்படித்தான் என்று செய்துவரும் காரியங்களில் ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள். அது வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க எதை எண்ண வேண்டும் என்று அதன்கீழே எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் ஆசிரியரிடம் போங்கள்.